கூடத்தில் இரண்டு வாத்தியங்கள்

சென்ற வாரம் திருவையாற்றுக்கு அருகில் ஒரு நண்பர் இல்லத்துக்குப் போயிருந்தேன். கூடத்தின் ஒரு மூலையில் உறை போட்ட வீணை. எதிர் மூலையில் நான்கு தந்தி பூட்டிய பேஸ் கிதார். வீணை அவருடைய தாயாருடையது, கிதார் புதல்வனுடையது. நண்பரோ இரு பக்கமும் இடிபடும் மத்தளமாக நடுவில் வீற்றிருந்தார்.

"மாமா! டோரியன், பிரிஜியன் என்று ஏழு பெயர்களையும் நெட்டுருப் போட்டுவிட்டேன். விரலும் ஓடுகிறது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே!" என்று பையன் முறையிட்டான்.

நியாயமான முறையீடுதான். ஏழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் கரகரப்பிரியா, அதுவே டோரியன். காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்தியமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தில் ஹரிகாம்போதி, தைவதத்தில் நடபைரவி. நிஷாதத்தில் தொடங்கினால் சுத்தமான பஞ்சமம் அகப்படாது. ஆகவே நம் 72 மேளங்களில் அதற்கு இடமில்லை. மேனாட்டார் அதற்கும் லோக்ரியன் என்று நாமகரணம் செய்து வைத்திருக்கிறார்கள். பெரிய மனது! நாம் கிரகபேதம் என்று சொல்லும் இவ்வித்தையை ஆலாபனையின் நடுவிலேயே செய்து காட்டியவர், மாயவரத்துக்கு அருகில் கூடலூரில் 1910-ல் பிறந்த ஜி. என். பாலசுப்பிரமணியம்.

வீட்டுக்குள் மேனாட்டு வாத்தியம் புகுந்துவிட்டதே என்பது நண்பரின் கவலை. சுதேசிப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் பிடிலும் கடல் கடந்து வந்ததுதானே? தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? மேலும், கிதாரின் மெட்டுக்களைக் கண்டு தஞ்சாவூர்க்காரர் மிரள வேண்டியதில்லை. முற்காலத்தில் ராகத்துக்கு ராகம் வீணையின் மெட்டுக்களை நகர்த்த வேண்டியிருந்ததாம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக 24 மெட்டுக்களையும் அசையாமல் பதித்து, எல்லா ராகங்களையும் ஒரே வீணையில் வாசிக்கச் செய்த பெருமையை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கருக்கே அளிப்பார்கள். அவருடைய மந்திரி கோவிந்த தீக்ஷிதரின் புதல்வர் வேங்கடமகிதான் 72 மேளங்களை வகுத்தவர்.

இவ்வளவு நேரமும் பேசாதிருந்த பாட்டியார் எழுந்து வீணையின் உறையைக் கழற்றினார். பையனுடைய டோரியன் தொடங்கும் ஸ்வரத்துக்கே சுருதி கூட்டிக்கொண்டு, தாளத் தந்திகளை மட்டும் சுண்டு விரலால் மீட்டினார்.

"இப்போது வாசி, குழந்தை!"

வாசித்தான். பாதி வழியில் அவன் முகம் மாறிற்று. அதுவரை அவன் காதில் பழைய ஷட்ஜமே குடியிருந்தது. அதனால்தான் ஏழும் ஒன்றாகக் கேட்டன. இப்போது ஆதாரம் மாறியது. கரகரப்பிரியாவின் சாயல் தெரிந்தது.

வாத்தியக் கோஷ்டியில் இந்த ஆதாரத்தை வைத்திருப்பவன் பேஸ் வாசிப்பவன்தான். மேலே மற்றவர்கள் அதே ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருந்தாலும், கீழே இவன் இடம் பெயர்ந்து நிலைத்தால் எல்லாருடைய வர்ணமும் மாறிவிடும். தம்புராவுக்கு உள்ள பொறுப்பு இவனுக்கும் உண்டு.

"சாயல் சரி, ராகம் எங்கே?" என்றார் பாட்டியார். காந்தாரத்தில் தந்தியை இழுத்து ஒரு கமகம் கொடுத்தார். பையனும் இழுத்துப் பார்த்தான். கிதாரின் தடித்த தந்தி இலேசில் இணங்கவில்லை. நான் விடைபெற்றபோதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தான்.