செம்பரம்பாக்கம் ஏரியை எப்போ திறக்கணும்? கணினியே திணறுவது ஏன்?

வடகிழக்குப் பருவமழை வந்தாலே சென்னைவாசிகள் கேட்கும் முதல் கேள்வி, "செம்பரம்பாக்கம் எவ்வளவு நிரம்பியிருக்கு?" என்பதுதான். இவ்வளவு தொழில்நுட்பம் வந்த பிறகும், எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே ஏன் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை?

மழைக் கணிப்பில் என்ன சிக்கல்?

வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்தியாவின் மாதிரியில் 12 கி.மீ. ஆக இருந்த கட்டம், 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' மூலம் 6 கி.மீ. ஆகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 36 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரே மழை அளவுதான் கிடைக்கும். மேகம் சில கி.மீ. தள்ளிக் கொட்டினால், ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும்.

ஏரி மட்டும்தான் காரணமா?

2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி திறக்கப்பட்டது. அதே நேரத்தில் தாம்பரத்திலும் 49 செ.மீ. மழை கொட்டியது. மணிமங்கலம், ஆதனூர் பக்கமுள்ள ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில்தான் சேர்கிறது. சின்ன ஏரிகள் பலவற்றில் மதகைத் திறக்கவே வேண்டாம், நிரம்பினால் கலங்கல் வழியே தானாக வழியும். இது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதுதான் சவால்.

கடலுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்தால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் வடியாது. நகரமோ கிட்டத்தட்ட தட்டையான நிலம். ஒரு அடி மேட்டில் போட்ட புது ரோடுகூட தண்ணீரின் பாதையைத் திருப்பிவிடும். போன வருஷ வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கு இந்த வருஷம் தப்பாகலாம்.

இதற்காகவே சென்னைக்கென 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-ல் அறிமுகமானது. மழை, ஆற்று நீரோட்டம், கடல் அலையேற்றம் மூன்றையும் சேர்த்து, வார்டு வாரியாக நீர் தேங்கும் இடங்களைக் கணிப்பது இதன் வேலை.

அப்போ முன்கூட்டியே ஏரியைத் திறந்துவிட வேண்டியதுதானே?

அங்கேதான் இடிக்கிறது. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3.645 டிஎம்சி. இது சென்னையின் குடிநீர். கணிப்பை நம்பித் திறந்துவிட்டு மழை வராமல் போனால் கோடையில் திண்டாட்டம். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. திறக்காமல் விட்டு மழை கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 சாட்சி.

ஆக, கணினி சொல்வது சாத்தியத்தை மட்டும்தான். 'இத்தனை சதவீதம் வாய்ப்பு' என்று அது சொன்னதும், எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியது அரசும் அதிகாரிகளும். அந்த முடிவு எந்த அடிப்படையில் எடுக்கப்பட்டது என்பது கரையோர மக்களுக்கும் நேரத்தோடு தெரிந்தால்தான், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்யும் நிலை வராது.