கிரெஷாமை அறிந்தோமா?

"கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டிவிடும்." பல்கலைக்கழகத்தில் இதனைக் கிரெஷாமின் விதி என மனனம் செய்தவர்களுள் நானும் ஒருவன். அப்பெயரை 1858இல் சூட்டியவர் மக்லியோட் என்னும் பொருளியலாளர். கருத்தோ கிரெஷாமுக்கு முன்னரே கொப்பர்னிக்கஸ் எழுதியது!

சேர் தோமஸ் கிரெஷாம், அன்ட்வேர்ப் நகரில் ஆங்கில அரசுக்காகக் கடன் திரட்டிய பெருவணிகர். அங்குள்ளதைப் போன்றதொரு வணிகர் கூடத்தை இலண்டனில் தமது செலவில் எழுப்பினார். 1571இல் முதலாம் எலிசபெத் அரசியார் நேரில் வந்து அதற்கு 'ரோயல் எக்ஸ்சேஞ்ச்' எனப் பெயரிட்டார். நிலம் நகரத்தாருடையது, மேல்மாடிக் கடைகளின் வாடகை கிரெஷாமுக்கு. இதனைத் தருமம் என்று நான் சொல்லமாட்டேன்.

அவரது உயிலே என்னைக் கவர்ந்தது. ஒரே மகனை 1564இல் பறிகொடுத்தவர் அவர். மனைவியின் காலத்தின் பின், தமது மாளிகையில் வானியல், கேத்திரகணிதம், மருத்துவம், இசை உள்ளிட்ட ஏழு துறைகளில் இலவச விரிவுரைகள் நடைபெற வேண்டும் என்றும், அதற்கான செலவை அந்த வாடகையிலிருந்தே கொடுக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். 1579இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகமே இல்லாதிருந்த இலண்டனில் 1597இல் விரிவுரைகள் தொடங்கின. 1660இல் ரோயல் சொசைட்டி பிறந்ததும் அங்கேதான். கிரெஷாம் கல்லூரியின் விரிவுரைகளுக்கு இன்றும் கட்டணமில்லை. எமக்குக் கற்பித்தவர்கள் இதனைச் சொல்லவேயில்லை.