பழைய வண்டியா, புது வண்டியா?

ஜங்புரா மதராசி கேம்ப்பை அறியாத தில்லித் தமிழர் குறைவு. பாராபுலா நாலாவின் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த அந்தக் குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முதலில் முடிவாயிற்று. நரேலா அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஜங்புரா பக்கத்து வீடுகளில் வேலை செய்த நம் பெண்கள் தினமும் அவ்வளவு தூரம் போய்வருவது எளிதல்ல. குடியேறிய இடத்திலேயே இட்லிக்கடையோ காய்கறி வியாபாரமோ தொடங்க ஒரு தள்ளுவண்டி இருந்தால் நல்லது.

உதவ முன்வரும் அன்பர்களில் சிலர், "கொடுப்பதைப் புது வண்டியாகவே கொடுப்போமே" என்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் இதில் நான் மாறுபடுகிறேன்.

வண்டி மட்டும் சோறு போடாது. அரிசி, உளுந்து, எரிவாயு வாங்கக் கையில் பணம் வேண்டும். வாடிக்கை சேரும்வரை சில மாதங்கள் தாக்குப்பிடிக்கவும் வேண்டும். நடைபாதை வியாபாரிகளுக்காக 2020இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை 15,000 ஆக்கினார்கள். அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். அதை வண்டியிலேயே முடக்கிவிட்டால் முதலுக்கு எங்கே போவது?

செப்பனிட்ட வண்டி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வெளிநாடுகளில் பெரிய கடைகளே பழைய சாமான் வண்டிகளுக்குச் சக்கரம் மாற்றி, முலாம் பூசி, மீண்டும் ஓட்டுகின்றன. நம் தள்ளுவண்டியிலும் தேய்வது சக்கரமும் பேரிங்கும் மேல்பலகையும்தான். அவற்றை மாற்றிவிடலாம். அச்சு வளைந்திருந்தாலோ, சட்டம் துருவேறிப் பற்றவைப்பு விட்டிருந்தாலோ அந்த வண்டியைத் தொடாதீர்கள். சுமையேற்றித் தள்ளிப் பார்த்து, ஒரு பக்கம் இழுக்காமல் நேராக ஓடினால்தான் வாங்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. அடுப்பு வைக்கும் வண்டியானால் ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியனவாகவே இருக்கட்டும். வண்டி வாங்கும் முன்பே, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழுக்கு மனுச் செய்யவும் உதவுவோம். சான்றிதழ் இல்லாவிட்டால் புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் பறிபோகும் அபாயம் உண்டு.

ஆகவே, நல்ல பழைய வண்டியைச் செப்பனிட்டுக் கொடுத்து, மிச்சத்தை வியாபார முதலாகக் கொடுப்போம் என்பது என் தாழ்மையான கருத்து. நமக்குப் புகைப்படத்தில் புது வண்டி பளபளப்பாகத் தெரியலாம். அதைத் தள்ளப் போகிற அம்மாவிடம் எது வேண்டும் என்று முதலில் கேட்போமே!