நாற்காலி யாருக்கு?

சென்னையில் மூன்று தளங்களில் இயங்கும் பெரிய புத்தகக் கடை அது. வாசகர்கள் அமர்ந்து புரட்டிப் பார்க்க நான்கு சோஃபாக்கள் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் அங்கே போவேன். புத்தகங்களைவிட மனிதர்களைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

சோஃபாக்களில் எப்போதும் ஆண்கள். ஒருவர் தடித்த சரித்திர நாவலில் நூறு பக்கம் தாண்டியிருப்பார். வாங்குவீர்களா என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் நிற்கிறார்கள், கையில் பிள்ளையின் பயிற்சி நூல் பட்டியலோடு. போன மாதம் ஒரு பெண் பாமாவின் ‘கருக்கு’வை எடுத்தார். நின்றபடியே இரண்டு பக்கம், மூன்று பக்கம். மகள் துப்பட்டாவை இழுத்தாள். சோஃபாவிலிருந்து கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.

அந்த அலமாரியின் பெயர் ‘பெண்கள்’. 1992இல் வந்த ‘கருக்கு’ கோலப் புத்தகத்துக்கும் குழம்பு வகைகளுக்கும் நடுவே நிற்கிறது. அம்பை, சல்மா, ஓர் ஓரத்தில் என் தொகுப்பும். ‘ஆண்கள்’ என்று ஓர் அலமாரி இல்லை. அவர்கள் எழுதினால் அது இலக்கியம்.

பெண்கள் வாசிப்பதில்லை என்று கருத்தரங்குதோறும் அலுத்துக்கொள்ளும் அறிஞர் பெருமக்களே, வாசிக்க முதலில் உட்கார வேண்டும். வீட்டிலும் அவளை உட்காரவிட்டதில்லை நீங்கள்.

அடுக்கிக்கொண்டிருந்த ஊழியப் பெண்ணிடம் கேட்டேன்: “நீ படிப்பியாம்மா?”

“பின்னட்டை மட்டும் மேடம். அடுக்கும்போது.”

காலை பத்திலிருந்து நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018இல், கடைப் பெண்கள் போராடிப் பெற்ற உரிமை. சட்டத்துக்குப் பயந்து இங்கேயும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் தள்ளுபடி அறிவிப்புப் பலகை.

“எடுத்துட்டு உட்காரேன்.”

“கஸ்டமர் பார்த்தா நல்லாயிருக்காதுன்னு சார் சொல்வாரு.”

அந்தக் கஸ்டமர் நான்தான். இருபது வருடமாகப் பெண்ணெழுத்தைப் பாடம் நடத்துகிற நானும் அந்த சோஃபாவில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை மேலாளரிடம் ஸ்டூலைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். பிறகு ‘கருக்கு’வை எடுத்துக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சரித்திர நாவல்காரர் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.