சொல்லுக்கா பஞ்சம்?

‘தமிழில் அதற்குச் சொல்லே கிடையாது சார்!’ மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் இப்படிக் கையை விரிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரெஞ்சில் ‘பெஸே’ என்று ஒரு வினைச்சொல். எடை போடுவது, எடை இருப்பது இரண்டுக்கும் அதுதான். கத்திரிக்காய்க்கும் பெஸே, கவலைக்கும் பெஸே, கோடீஸ்வரனின் சொத்துக்கும் பெஸே. ‘யோசி’ என்று பொருள்படும் ‘பான்ஸே’கூட லத்தீனில் இதோடு ஒரே வயிற்றில் பிறந்ததுதான். ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள், நடத்தட்டும். அதற்காக அகராதியைப் பார்த்து ‘தனிமை அவன்மேல் எடை போட்டது’ என்று எழுதினால்? முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியவர், ‘பிரெஞ்சு நாவல்னாலே இப்படித்தான் போல’ என்று பரணில் போட்டுவிடுவார். பழி, பாவம், அந்த பிரெஞ்சு எழுத்தாளருக்கு!

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். பந்தி முடிந்ததும் வயிறு ‘திம்’முனு இருக்கும். பெண்ணை அனுப்பும்போது மனசு கனத்துப் போகும். மாப்பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் ஆச்சி ‘எடை போட்டுருவாக’. காசுள்ளவர் ‘வெயிட்டான பார்ட்டி’. திமிரும் சேர்ந்தால் தலைக்கனம். சாதக பாதகம் என்றால் சீர்தூக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் வார்த்தைகளை நிறுத்துப் பேசுவார், நம்மவர் அளந்து பேசுவார். ஜாக்கிரதை... வெறுமனே ‘அளக்கிறார்’ என்று எழுதினால் மனுஷன் புளுகன் ஆகிவிடுவான்!

இத்தனைக்கும் பிரெஞ்சு செட்டிநாட்டுக்குப் புதுசில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறிப் போய் வட்டிக்கடை வைத்த நகரத்தார், கணக்கைத் தமிழில்தான் எழுதினார்கள். சொல் இல்லை என்று கடையைச் சாத்தவில்லை.

இலக்கியத்தில் முடியாதா? காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராம் நேராக பிரெஞ்சிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தார். 1980-ல் க்ரியா போட்ட புத்தகம். இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

ஆங்கிலம் வழியாக வருவதே தப்பு என்று சொல்லவில்லை. பிரெஞ்சு தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறோம்? ஆனால் இரண்டு கை மாறிய சரக்கை ‘பிரெஞ்சு நாவல்’ என்று மட்டும் அட்டையில் போட்டு விற்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. நான் பி.காம். படித்தவன். சரக்கு எந்த வழியாக வந்தது என்பது பில்லில் இருக்க வேண்டும். பதிப்பாளர்களே, எந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி அச்சடியுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன்னால் பிரெஞ்சும் தெரியாத, ஆங்கிலமும் தெரியாத ஒருவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.