நாவலுக்கு மார்க்கா, எழுதியவரின் அரசியலுக்கா? ஜோ டி குரூஸ் சர்ச்சை சொல்வது என்ன?

தருவைகுளம் தொடங்கி உவரி வரை நீளும் கடற்கரையின் பேச்சுத் தமிழை நாவலுக்குள் கொண்டுவந்தவர் உவரிக்காரரான ஜோ டி குரூஸ். 2004-ல் வந்த 'ஆழி சூழ் உலகு' கட்டுமர மீனவர்களின் கதை. 2009-ல் வந்த 'கொற்கை' தூத்துக்குடித் தோணித் தொழிலைப் பேசுகிறது. இதற்கு 2013-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

என்ன பிரச்னை?

2014 மக்களவைத் தேர்தல் நேரத்தில் மோடிக்கு ஆதரவு தெரிவித்தார் ஜோ. உடனே, 'ஆழி சூழ் உலகு' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றார் வ.கீதா. நவயானா பதிப்பகமும் வெளியீட்டைக் கைவிட்டது.

இது தடையா?

இல்லை. தமிழ் நாவலை யாரும் முடக்கவில்லை. யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பது மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளரின் உரிமை. ஆனா, எழுதிப் பத்து வருஷம் கழித்து ஆசிரியர் சொன்ன கருத்தால் நாவலில் ஒரு வரிகூட மாறிவிடவில்லை என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கு.

அப்போ எப்படி மதிப்பிடுவது?

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எழுதியவரோடு கைகோப்பதா என்பது ஒன்று. நாவல் நல்லதா என்பது வேறு. முதல் கேள்விக்கு அவருடைய அரசியலைப் பார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் புத்தகத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். இதைப் பிரிக்காமல் சண்டை போட்டால், நஷ்டம் எழுத்தாளருக்கு மட்டுமல்ல. இலக்கியத்தில் அபூர்வமாகவே இடம் கிடைக்கும் கடற்கரை மக்களுக்கும்தான்.