இரவு ஒன்பது மணிக்கு மேல் வருபவர்கள்

திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஆண்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை என்கிறார்கள். நான் பார்த்தவரை, பேசத்தான் செய்கிறார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு மேல் வரும் டைலர்களும் அயர்ன் மாஸ்டர்களும், "அண்ணா, நெஞ்சு அடைக்குதுங்க, கேஸ் மாத்தர குடுங்க" என்பார்கள். "தூக்கமே இல்லீங்ணா", "கை நடுங்குது, மிஷின்ல உக்கார முடியல." இன்னும் இரண்டு வார்த்தை கேட்டால், சனிக்கிழமை சம்பளத்துக்குக் காத்திருக்கும் வாரவட்டிக்காரர், மகளின் காலேஜ் ஃபீஸ், கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன மனைவி என்று எல்லாம் வரும். பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றதும் பேச்சு நின்றுவிடும்.

நெஞ்சுவலி என்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கத்தான் அனுப்புகிறேன். "ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க" என்று திரும்பி வருபவர் முகத்தில் நிம்மதி இருக்காது. வலி அப்படியே இருக்கிறது. இனி அதை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தூக்க மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் தர முடியாது, தரவும் கூடாது. ஆனால், மறுத்து அனுப்பிய சிலர் நேராக டாஸ்மாக் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டுதான் கடையில் நிற்கிறேன்.

இந்த வலி எங்கே போய் முடியுமோ என்ற பயம் எனக்கு உண்டு. 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்.

என் கடைக்கு வரும் இவர்களிடம் "அழுதால் பாரம் குறையும்" என்று வகுப்பெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில். அங்கே போனால் அன்றைய கூலி போச்சு. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு பத்து மணிவரை அங்கே ஒரு மனநல ஆலோசகரை அரசு உட்காரவைக்க வேண்டும். பிரஷரும் சுகரும் பார்க்கும் அதே அறையில் இருந்தால் நல்லது. மனநலம் என்று போர்டு மாட்டிய கதவைத் தெரிந்தவர் கண்ணெதிரே திறக்க எங்கள் ஆட்கள் துணிய மாட்டார்கள். பிரஷர் பார்க்கிறவரே "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்கட்டும். பதில் வரும்.

அதுவரை, என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை போடும் கவரின் மேல் 14416 என்று எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.